லைனில் காத்திருப்பவர்கள்

கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேசையில் கிடந்த அந்தப் பழைய டெலிபோன் ஹெட்போனின் கறுப்புக் காதுக்கிண்ணத்தை முத்துப்பாண்டி கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை. வெயில் அந்த மேசை வரைக்கும் வருவதே கிடையாது. சாலிடரிங் கோலும் காலையிலிருந்து ஆறித்தான் கிடந்தது. யாரோ வெகுநேரம் காதில் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கீழே வைத்துப் போனதுபோல ஓர் உடம்புச் சூடு. அவன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

காளவாசல் சிக்னலைத் தாண்டி பைபாஸ் பக்கம் திரும்பும் முக்கில், ஆறடிக்கு எட்டடியில் அவனுடைய செல்போன் சர்வீஸ் கடை. இரண்டாயிரத்தெட்டு ஆடி மாசம் அது. கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரத்தைத்தான் மதுரை ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மத்தியானம் மின்விசிறி நின்றதும் தெருவின் சத்தம் மொத்தமும் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்: ஷேர் ஆட்டோக்களின் இழுவை, கண்டக்டர்கள் ஊர்ப்பேரைச் சொல்லிக் கூவுவது, எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுவது, ஆடிக்காற்று தகர போர்டைப் போட்டு அடிப்பது. அத்தனைக்கும் அடியில், அவன் கையில் இருந்த கிண்ணத்துக்குள்ளிருந்து ஓர் அமைதி வந்தது. ஆட்கள் நிறைந்த அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் வருமே, அந்த மாதிரி அமைதி.

பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் மனைவி ஜெயக்கொடி டவுனில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தாள். அந்தக் கடைக்கு அது ஐம்பதாவது வருஷம். கடை திறந்த நாளில் இருந்ததுபோலவே ஊழியர்கள் எல்லாரும் ஒரு வாரம் உடுத்தி நிற்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. ஆண்களுக்கு மல்வேட்டியும் ஜிப்பாவும் வந்தன. கேஷியருக்குக் கறுப்புக் கோட்டு. பெண்களுக்கு வெள்ளைக் கைத்தறிச் சேலை, பஃப் கை வைத்த ரவிக்கை, பின்னலைச் சுருட்டிப் போட்ட கொண்டை. ஒத்திகை பார்த்த அன்றுதான் மேனேஜர் உக்கிரபாண்டிக்கு உறைத்தது. உடுப்பு ஐம்பது வருஷத்துக்கு முந்தியது, கையில் இருக்கும் சாமானெல்லாம் நேற்று வந்தது. ஜெயக்கொடியின் புருஷன் எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவன் என்று ஞாபகம் வந்து அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த வேலையை அவன் ஆசையாகத்தான் செய்தான். கால்குலேட்டர்களுக்குத் தேக்குச் சட்டம் போட்டு, பொத்தான்களின் மேல் வட்ட வட்டமாகப் பித்தளைத் தகடு வெட்டி ஒட்டினான். சூப்பர்வைசர்களின் வாக்கி டாக்கிகளை மரப்பெட்டிக்குள் இறக்கி, முன்னால் சாக்குத்துணி இழுத்துக் கட்டிச் சின்ன ரேடியோ மாதிரி ஆக்கினான். விலைச்சீட்டு படிக்கும் மெஷினுக்கு மரக்கைப்பிடி வைத்து வார்னிஷ் அடித்தான். எல்லாம் முன்போலவே வேலை செய்தன. பார்வைக்கு மட்டும் அவன் பிறப்பதற்கு முந்தியவையாக இருந்தன.

மிச்சம் இருந்தது ஜெயக்கொடி காதில் மாட்டும் ஹெட்போன். உக்கிரபாண்டி பழைய பத்திரிகைப் படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒவ்வொருத்தி தலையிலும் ஓர் இரும்புப் பட்டை, ஒரு காதில் கறுப்புக் கிண்ணம், நெஞ்சில் தொங்கும் ஊதுகுழல் மாதிரி ஒரு மைக். எதிரே சுவரெல்லாம் ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் கயிறு கயிறாக ஒயரைச் செருகி எடுத்துத்தான் அந்தக் காலத்தில் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு பேச வைத்திருக்கிறார்கள்.

கிண்ணம் பழைய இரும்புக் கடைக்காரன் சின்னானிடம் கிடைத்தது. எங்கோ ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது மூட்டையாக வந்ததாம். மற்றதெல்லாம் உருக்கப் போய்விட்டது. இது ஒன்று மட்டும் தராசுத் தட்டின் கீழே உருண்டு கிடந்திருக்கிறது. சின்னான் காசு வாங்கவில்லை. “கொண்டுபோங்கண்ணே, இது இங்க இருந்தா எங்க வீட்டு நாயி கடைப்பக்கம் வர மாட்டேங்குது” என்றான், சிரிக்காமல்.

முத்துப்பாண்டி மூடியைத் திருகிக் கழற்றினான். உள்விளிம்பில் நீளமாக ஒரு நரைமுடி சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே துருப்பிடித்திருந்த சுருளையும் தகட்டையும் சுரண்டி எறிந்தான். ஜெயக்கொடியின் ஹெட்போனில் இருந்த சின்ன ஸ்பீக்கரை எடுத்து அதற்குள் பொருத்தினான். தலைக்கு ஒரு பித்தளைப் பட்டை. ரிக்‌ஷா ஹாரனின் வாயை அறுத்து, அதற்குள் மைக். ஒயர் முழுக்கக் கறுப்பு நூல் சுற்றினான். நூல் சுற்ற மட்டும் ஒரு ராத்திரி ஆனது. அவளுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பில் அது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சித்திரைக்குப் பிறகு ஜெயக்கொடி எதையும் கேட்டு வாங்கியதில்லை. இந்த ஒன்றைத்தான், “எனக்கும் செஞ்சு குடுப்பீகளா மாமா?” என்று கேட்டாள்.

பொன்மேனியில் ஒரு மாடி வீட்டில் இரண்டு அறைகள் அவர்களுடையவை. கடையின் ஐம்பதாவது வருஷ விழா தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் அவள் அந்த வெள்ளைச் சேலையைக் கட்டி, கொண்டை போட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்று பட்டையைத் தலையில் இறக்கினான். கிண்ணம் அவள் இடது காதை மூடியது. புது வார்னிஷ் வாசனைக்கு ஊடே இன்னொரு வாசனை எழுந்தது, நாள்பட்ட தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த தலைவாசனை. ஜெயக்கொடி காலையில்தான் தலைக்குக் குளித்திருந்தாள்.

கண்ணாடியில் அவள் முகம் மாறியது.

“யாரோ இருக்காங்க மாமா.”

“எங்க?”

“இதுக்குள்ள. பேசல. மூச்சு விடுறாங்க.”

ஒயரின் மறுமுனை அவள் மடியில் கிடந்தது. எதிலும் செருகப்படவில்லை. காதை மூடினால் நம்முடைய ரத்த ஓட்டமே நமக்குக் கேட்கும், சங்கை வைத்தால் கேட்பதில்லையா என்று அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். ஆனால் கழற்றவில்லை. மூச்சு என்ற சொல்லை அவள் வாயால் கேட்டதுமே அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான். ஏனென்றால் அது என்ன மூச்சு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் அம்மா ஒச்சாயி அவனுக்கு அத்தை, அப்பாவுடன் பிறந்தவள். சோழவந்தானில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை செய்து தனியாக இருந்தாள். வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே பிறந்தவள் என்று மகளுக்கு அந்தப் பேரை வைத்ததாகச் சொல்லுவாள்; எப்போதும் ‘கொடி’ என்றுதான் கூப்பிடுவாள். முத்துப்பாண்டிதான் அத்தைக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்து, சுவரில் பெரிய பெரிய எழுத்தில் இரண்டு நம்பர் எழுதி வைத்தான். ஒன்று ஜெயக்கொடியின் செல். இன்னொன்று ஜவுளிக்கடை. கடைக்குள் போனதும் ஊழியர்கள் செல்போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும் என்பதால் அந்த இரண்டாவது நம்பர்.

சித்திரைத் திருவிழா நேரம். ஒரு மத்தியானம் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது. மகளுடைய செல்லுக்கு அடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு அடித்திருக்கிறாள். போர்டில் ஆறு லைனின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஜெயக்கொடி எடுத்து வணக்கம் சொன்னாள். மறுமுனையில் பேச்சு இல்லை, மூச்சு மட்டும்தான். ஒரு நாளைக்கு நாற்பது பேர் அப்படி எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். “லைன்ல இருங்க” என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கினால் மறுமுனையில் ஒரு மெட்டு ஓடும். அடுத்த லைனை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள், மறந்துபோனாள். சாயங்காலம் பக்கத்து வீட்டார் போய்ப் பார்த்தபோது அத்தை சுவரில் சாய்ந்து கிடந்தாள், காதில் போனோடு. அந்த அழைப்பு இருபத்திரண்டு நிமிஷம் என்று போன் காட்டியது.

காரியம் முடிந்த அன்று இதை ஒரே ஒரு தடவை அவனிடம் சொன்னாள். “எங்கம்மா மூச்சு எனக்குத் தெரியலையே மாமா” என்றாள். அதற்குப் பிறகு அழவில்லை. சோறு பொங்கினாள், வேலைக்குப் போனாள், வந்தாள். ராத்திரியில் அவள் தூங்காமல் கிடப்பது, பக்கத்தில் தூங்காமல் கிடக்கும் அவனுக்குத் தெரியும்.

விழாவின் முதல் நாள் ஜவுளிக்கடையில் கூட்டம் அலைமோதியது. துணி வாங்க வந்தவர்கள் டெலிபோன் போர்டின் முன்னால் நின்று ஜெயக்கொடியைப் படம் எடுத்துக்கொண்டார்கள். உக்கிரபாண்டி போன் பண்ணி, உன் சாமான்தான் தம்பி இன்னைக்கு ராஜா என்று சொன்னார். அன்று சாயங்காலம் அவள் ஹெட்போனைக் கடையில் வைக்காமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்குப் பட்டை கொஞ்சம் குத்துகிறது, சரிபண்ண வேண்டும் என்றாள். ஆனால் அவனிடம் கொடுக்கவில்லை. அவன் முகம் கழுவிவிட்டு வந்தபோது அடுப்பங்கரையில், சேலையைக்கூட மாற்றாமல், அதை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உலையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

“மேலூருக்கு ஒருத்தர் கேட்டார் மாமா” என்றாள் அவன் பக்கம் திரும்பாமல். “பழைய காலத்து ரெண்டு இலக்க நம்பர். நாப்பத்தொண்ணு.”

“யாரு?”

“பேரு சொல்லல. மகளுக்குப் பேசணுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“லைன் குடுத்தேன்.”

எப்படிக் கொடுத்தாய் என்று அவன் கேட்டபோது அவள் தன் வலது கையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், அவள் குளிக்கப் போன நேரத்தில், முத்துப்பாண்டி கிண்ணத்தைத் திறந்தான். ஸ்பீக்கரை நெம்பி எடுத்தான். மைக்கைப் பிடுங்கினான். நூல் சுற்றிய ஒயரை உள்ளுக்குள் இரண்டு இடத்தில் வெட்டி, வெளியே தெரியாமல் மூடியைத் திருகி வைத்தான். இப்போது அது பித்தளையும் கறுப்பு ஓடும்தான். போர்டில் மாட்டியதும் ஒன்றும் கேட்காது, என்ன ஆயிற்று என்று கூப்பிடுவாள், ரிப்பேர் என்று சொல்லி வாங்கித் தூக்கிப் போட்டுவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டு அவளை பஸ் ஏற்றிவிட்டான்.

பத்து மணி வரை போன் வரவில்லை. பன்னிரண்டு வரை வரவில்லை. கடையில் உட்கார்ந்து அவன் எந்த வேலையும் செய்யவில்லை. இரண்டு மணிக்கு உக்கிரபாண்டி கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. “தம்பி, கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிரு. வெளிய இருந்து யாருக்கும் லைன் கெடைக்கலங்கிறாங்க. ஆனா அந்தப் புள்ள காலையில இருந்து பேசிக்கிட்டேதான் இருக்கு” என்றார்.

அவன் போனபோது போர்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜெயக்கொடி. ஆறு லைனின் சிவப்பு விளக்கும் விட்டு விட்டு எரிய, அவள் ஒன்றையும் தொடவில்லை. விளக்குகளுக்கு மேலே, வெறும் காற்றில், அவள் கைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றை இழுத்தாள். உயரத்தில் எங்கோ செருகினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். பழகிய கைகளின் வேகம். உதடுகள் மெல்ல அசைந்தன. “யாரு வேணும்? இருக்காங்க. பேசுங்க… யாரு வேணும்? இல்லீங்க, அவுங்க போயிட்டாங்க. சரி, சொல்றேன்.” நடிப்பு என்று நினைத்து ஓர் அம்மாள் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். ஜெயக்கொடியின் கண் இமைக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கி, தாடையில் நின்று, வெள்ளைச் சேலையில் சொட்டியது.

அவன் கூட்டத்தை விலக்கி உள்ளே போய் அவள் தோளைத் தொட்டதும் கைகள் மடியில் விழுந்தன. சொன்னபடி எழுந்து வந்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஆடிக்காற்று தெருப் புழுதியை வாரிக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. ரயில்வே மேம்பாலத்தின் பாதியில், அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய குரலில் பேசினாள்.

“அம்மா வரிசையில இருக்கு மாமா. குரல் கேட்டுச்சு. ரொம்பப் பின்னாடி.”

அவன் பைக்கை ஓரங்கட்டினான். இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“முன்னாடி உள்ளவுங்கள ஒவ்வொருத்தரா அனுப்பி விட்டாத்தான் அம்மா எங்கிட்ட வரும். இந்தத் தடவ நான் மறக்க மாட்டேன்.”

“எம்புட்டுப் பேருடி இருக்காங்க?”

“எண்ணிப் பாத்தேன். முடியல.”

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாமானைக் கேட்டான். பிடுங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தான். அவளே தலையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். “எடுத்துக்கங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்” என்றாள். காதைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது. பிறகு சுவரைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

கீழ்வீட்டுத் தங்கப்பொண்ணை அவளுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு அவன் காளவாசலுக்குக் கிளம்பினான். வீட்டில் வைத்து அதை உடைக்க அவனுக்கு மனமில்லை. கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, ஹெட்போனைத் தரையில் வைத்து, பெரிய சுத்தியலை எடுத்தான். சாயங்கால வெயில் ஷட்டருக்கு அடியில் ஒரு முழத்துக்கு வந்து கிடந்தது. வெளியே பஸ்கள். கூப்பாடு. யாரோ யாரையோ மாப்ள என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

சுத்தியலை ஓங்கினான்.

கிண்ணத்துக்குள் யாரோ பேசினார்கள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. சின்னக் குரல். ஒரு பெண்ணின் குரல். சொல் புரியவில்லை. ஆனால் ராகம் தெரிந்தது. மண்டியிட்டான். தரையில் கன்னம் படக் குனிந்து காதைக் கொடுத்தான்.

“வணக்கம். யாரு வேணும்?”

ஜெயக்கொடி. சித்திரைக்கு முந்திய ஜெயக்கொடி. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒரு சின்னச் சிரிப்பை வைத்துப் பேசுகிற, அவன் கல்யாணத்துக்கு முன்னால் காரணமில்லாமல் ஜவுளிக்கடைக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்த குரல்.

“கொடி” என்றான். “கொடி, நாந்தான்.”

“அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்றது குரல், மரியாதையாக. “நம்பர் சொல்லுங்க.”

அவனால் சுத்தியலை இறக்க முடியவில்லை. ஓரமாக உருட்டிவிட்டான். ஹெட்போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஷட்டரைக்கூட இழுத்து மூடாமல், பைக்கை உதைத்தான். நெஞ்சில் உரசிக்கொண்டு அந்தக் குரல் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. வணக்கம். யாரு வேணும். இருக்காங்க. பேசுங்க.

மாடிப்படியின் பாதியிலேயே தங்கப்பொண்ணு நின்றிருந்தாள். உள்ளே இருக்க முடியவில்லை போல. “அந்தப் புள்ள வாயே தெறக்கலப்பா. கையி மட்டும் ஆடுது. கூப்பிட்டாத் திரும்பல. நான் வாரேன்” என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

அவன் கதவைத் திறந்தபோது ஆறரை மணி. சொல்லி வைத்ததுபோலக் கரண்ட் போனது. எல்லா வீட்டிலும் டிவி ஒரே நேரத்தில் நின்றது. தெரு மூச்சடங்கியது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது, சாம்பல் நிறத்தில்.

நாற்காலியில் ஜெயக்கொடி. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. சுவரில் ஒன்றும் இல்லை. சுவரின் முன்னால் அவள் கைகள். இழுத்தன. செருகின. பிடுங்கின. செருகின. உதடு மூடியிருந்தது. இறுக்கமாக. உலர்ந்து.

அவன் அவளுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. அதில் அவன் இல்லை.

இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். பலமாக. கைகள் நின்றன.

சட்டைக்குள்ளிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. ஒரு குரல் இல்லை. நூறு குரல். ஆயிரம். கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். பாதிப் பேச்சில் அறுபட்டவர்களின் கூச்சல். அதற்கு மேலே அவள் குரல், பதறி, அழுது. “மன்னிச்சுக்கங்க. லைன் கட்டாயிருச்சு. என் கைய யாரோ பிடிச்சிருக்காங்க. மன்னிச்சுக்கங்க. இருங்க. இருங்க.”

எதிரே இருந்த முகத்தில் எந்த அசைவும் இல்லை.

அவன் கையை விட்டான்.

கைகள் எழுந்தன. இழுத்தன. செருகின. கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நன்றிங்க என்று யாரோ ஒருவர் சொன்னது கேட்டது.

முத்துப்பாண்டி ஹெட்போனை வெளியே எடுத்தான். தலையில் மாட்டவில்லை. கிண்ணத்தை மட்டும் காதில் வைத்தான்.

“வணக்கம். யாரு வேணும்?”

“என் பொண்டாட்டி வேணும்” என்றான்.

“பேரு?”

சொன்னான். ஊரைச் சொன்னான். வீட்டைச் சொன்னான். கல்யாணம் நடந்த நாளைச் சொன்னான். கொடிக்காலில் வெற்றிலைக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடி விழுந்து, அவள் முழங்காலில் தழும்பு விழுந்ததைச் சொன்னான். குரல் பொறுமையாகக் கேட்டது. இடையில் ஊம் கொட்டியது. முடித்ததும் சொன்னது: “உங்களுக்கு முன்னாடி நெறையப் பேர் இருக்காங்க. வரிசையில வாங்க.”

பிறகு அது வேறு யாரிடமோ வணக்கம் சொன்னது.

ஜன்னல் இருண்டது. அவன் காதிலிருந்து கிண்ணத்தை எடுக்கவில்லை. உள்ளே இடம் பெரிதாக இருந்தது. மூச்சுகள் கேட்டன. முன்னால். பக்கத்தில். பின்னால். இருமல். ஒரு பெருமூச்சு. காத்திருக்கிறவர்கள் கால் மாற்றி நிற்கும் சத்தம்.

மிகப் பக்கத்தில் ஒரு மூச்சு திணறியது. அவனுக்கு அது தெரிந்தது. தெரியாமல் போகுமா.

“பாண்டியா?”

அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“நீ ஏம்ப்பா வந்த?” என்றாள் அத்தை. களைத்திருந்தாள். “சரி, வந்துட்ட. போனை வச்சுராத. வச்சா மறுபடி கடைசியில இருந்து நிக்கணும். நான் மூணு தடவ அவகிட்டப் போயிட்டேன். என்னைத் தெரியலங்கிறா.”

“அத்தை.”

“சத்தம் போடாத. அவ வேலை பாக்குறா.”

கரண்ட் வந்தது. குழல்விளக்கு இரண்டு தடவை துடித்து எரிந்தது. ஜெயக்கொடியின் கண்கள் அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. விரல் நுனிகள் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. சுவரில் அவள் தொட்ட இடமெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக, அவள் கை எட்டும் உயரம் வரைக்கும். கைகள் நிற்கவில்லை.

முத்துப்பாண்டி கிண்ணத்தைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டான். அவனுக்குப் பின்னால் புதிதாக யாரோ வந்து நின்றார்கள்.